சதவீதத்துக்கு சப்டோட்டல் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதக் கடைசியில் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால் போன் வரும்: "இந்த மண்டலத்துக்கு மட்டும் மொத்தம் எப்படி இப்படி வந்தது?" விற்பனைத் தொகை, ஆர்டர் எண்ணிக்கை பற்றி யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவற்றைக் கூட்டினால் முடிந்தது. சதவீதமோ விகிதமோ சராசரியோ இருக்கிற நெடுவரிசைக்குச் சப்டோட்டல், அதாவது மண்டலம் போன்ற ஒரு பிரிவுக்கு மட்டுமான மொத்தம், போடும்போதுதான் சிக்கல் வரும்.

பள்ளியில் படித்த இரண்டு சொற்கள் இங்கே போதும். பின்னத்தில் மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. 2000 ஆர்டரில் 60 திரும்பி வந்தால் தொகுதி 60, பகுதி 2000, விகிதம் 3%. இந்தப் பக்கம் முழுக்க இந்த இரண்டையும் சுற்றித்தான்.

கிளைகளின் சதவீதங்களுக்குச் சராசரி எடுத்தால் மண்டலத்தின் சதவீதம் கிடைத்துவிடாதா?

கிடைக்காது. பொருட்கள் திரும்பி வரும் விகிதத்தை வைத்துப் பார்ப்போம்.

| மண்டலம் | கிளை | ஆர்டர் | திரும்பியவை | விகிதம் |
|---|---|---|---|---|
| வடக்கு | கிளை 1 | 2000 | 60 | 3% |
| வடக்கு | கிளை 2 | 400 | 48 | 12% |
| வடக்கு | கிளை 3 | 100 | 15 | 15% |
| தெற்கு | கிளை 4 | 1500 | 90 | 6% |
| தெற்கு | கிளை 5 | 1000 | 70 | 7% |

வடக்கின் மூன்று சதவீதங்களுக்குச் சராசரி எடுத்தால் 10%. தெற்குக்கு 6.5%. இதைப் பார்க்கிற மேலாளர் வடக்கு மண்டலத்தைத்தான் கூப்பிட்டுத் திட்டுவார்.

இப்போது ஒழுங்காகக் கணக்குப் போடுவோம். வடக்கில் 2500 ஆர்டரில் 123 திரும்பின, அதாவது 4.92%. தெற்கில் 2500-க்கு 160, அதாவது 6.4%. நன்றாக வேலை செய்வது வடக்குதான். சராசரி எடுத்ததால் எண் கொஞ்சம் தள்ளிப்போனதோடு நிற்கவில்லை, யார் முன்னால் யார் பின்னால் என்பதே தலைகீழாகிவிட்டது. காரணம் கிளை 3. வெறும் 100 ஆர்டர் பார்த்த அந்தக் கிளைக்கு, 2000 ஆர்டர் பார்த்த கிளை 1-க்கு இணையான ஓட்டு கொடுத்துவிட்டோம்.

ஆக, வழி இதுதான்: எந்த மட்டத்தில் சப்டோட்டல் வேண்டுமோ அந்த மட்டத்தில் தொகுதியைத் தனியாகக் கூட்டு, பகுதியைத் தனியாகக் கூட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை வகு. எடையிட்ட சராசரி என்று இதையே வேறு பெயரில் சொல்வார்கள். பகுதிதான் எடை.

ஆனால் சில சமயம் சராசரி எடுத்தாலும் சரியாகவே வருகிறதே?

வரும். ஆபத்தே அதுதான். மேலே இருக்கிற அட்டவணையிலேயே பாருங்கள். நிறுவனம் முழுவதற்கும் 5000 ஆர்டரில் 283 திரும்பின, 5.66%. 4.92, 6.4 என்ற இரண்டு மண்டல விகிதங்களுக்குச் சும்மா சராசரி எடுத்தாலும் அதே 5.66 வருகிறது! இரண்டு மண்டலத்திலும் ஆர்டர் 2500 என்று சமமாக அமைந்ததால் வந்த அதிர்ஷ்டம் அது. அடுத்த மாதம் ஒரு மண்டலத்தில் ஆர்டர் கூடினால் அதே சூத்திரம் காலை வாரிவிடும்.

பகுதிகள் சமமாக இருந்தால் சாதாரணச் சராசரியும் எடையிட்ட சராசரியும் ஒன்றுதான். அதனால் சோதித்துப் பார்க்கும்போது எல்லா வரியிலும் ஒரே மாதிரி 100, 100 என்று போட்டுப் பார்க்காதீர்கள். நான் வழக்கமாக வைத்திருக்கும் சோதனைத் தரவு இரண்டே வரி: ஒன்றில் 1-க்கு 1, இன்னொன்றில் 999-க்கு 1. சரியான சப்டோட்டல் 0.2%. அறிக்கை 50.05% என்று காட்டினால் உள்ளே எங்கோ சராசரி ஒளிந்திருக்கிறது.

எக்செல் பிவட் டேபிளில் என்ன செய்ய வேண்டும்?

மூலத் தரவில் சதவீத நெடுவரிசையை வைத்துக்கொண்டு, பிவட்டில் (தரவைத் தொகுத்துக் காட்டும் அட்டவணையில்) அதை 'ஆவரேஜ்' என்று போடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அது வரிகளின் சாதாரணச் சராசரியைத்தான் தரும். 'சம்' என்று போட்டால் 10 கிளைக்கு 87% என்று ஏதாவது வரும். அதாவது பார்த்த உடனே தப்பு என்று தெரிந்துவிடும். அந்த வகையில் அது மேல்.

பிவட்டுக்குள்ளேயே 'கால்குலேட்டட் ஃபீல்டு' உருவாக்கி, திரும்பியவை வகுத்தல் ஆர்டர் என்று எழுதுங்கள். கால்குலேட்டட் ஃபீல்டு முதலில் ஒவ்வொரு ஃபீல்டையும் கூட்டிவிட்டு, அப்புறம்தான் சூத்திரத்தைப் போடும். விகிதத்துக்கு நமக்கு வேண்டியதும் அதுவே. சப்டோட்டல், கிராண்ட் டோட்டல் எல்லாம் தானாகச் சரியாக வரும்.

அதே குணம் பெருக்கலில் கெடுதல் செய்யும். விலை பெருக்கல் அளவு என்று கால்குலேட்டட் ஃபீல்டு போட்டால் என்ன ஆகும்? ஒரு பொருள் விலை 50, அளவு 10. இன்னொன்று விலை 200, அளவு 5. உண்மையான விற்பனை 500 + 1000 = 1500. பிவட் காட்டும் மொத்தமோ 250 பெருக்கல் 15, அதாவது 3750. ஆகவே பெருக்கலை மூலத் தரவின் ஒவ்வொரு வரியிலும் செய்துவிடுங்கள், வகுத்தலை பிவட்டுக்கு விடுங்கள்.

பிவட் இல்லாமல் சாதாரண ஷீட்டில் செய்கிறீர்கள் என்றால், சப்டோட்டல் ஃபங்ஷனில் 9 என்ற குறியீட்டால் தொகுதியைக் கூட்டி, அதே போல் பகுதியைக் கூட்டி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துவிடலாம். அந்த ஃபங்ஷன் தனக்குள் வரும் மற்ற சப்டோட்டல்களைக் கணக்கில் எடுக்காது என்பதால், கிராண்ட் டோட்டலில் இரட்டிப்பு வராது. ஃபில்டரில் மறைந்த வரிகளையும் விட்டுவிடும். கையால் மறைத்த வரிகளையும் விட வேண்டும் என்றால் 9-க்குப் பதில் 109.

பவர் பிஐ-யில் மொத்த வரி, மேலே உள்ள வரிகளின் கூட்டலாக வருவதே இல்லை. பழுதா?

பழுதில்லை, மைக்ரோசாஃப்டின் இந்த அறிக்கைக் கருவியின் இயல்பே அப்படித்தான். மேட்ரிக்ஸில் (பிவட் போன்ற அதன் அட்டவணையில்) ஒவ்வொரு செல்லும் தன்னுடைய ஃபில்டரை வைத்துத் தனியாகக் கணக்கிடப்படுகிறது. மண்டல வரி, கிளை வரிகளைப் பார்ப்பதே இல்லை. அந்த மண்டலத்தின் மூலத் தரவுக்கு நேரடியாகப் போய், சூத்திரத்தைப் புதிதாக ஓட்டுகிறது. விகிதங்களுக்கு இது வரப்பிரசாதம். இரண்டு 'சம்'களை 'டிவைடு' ஃபங்ஷனுக்குள் போட்டு ஒரு மெஷராக (ஒவ்வொரு செல்லுக்கும் புதிதாக ஓடும் சூத்திரமாக) எழுதிவிட்டால் எல்லா மட்டத்திலும் சரியாக வரும், பகுதி பூஜ்யமாக இருந்தால் பிழைக்குப் பதில் வெற்றிடம் வரும்.

கெடுப்பது எது என்றால், விகிதத்தை மெஷராக எழுதாமல் தரவு மாடலில் ஒரு நெடுவரிசையாகக் கணக்கிட்டு வைப்பது. அது வரிக்கு வரி உறைந்துபோன எண். அதற்குமேல் கூட்டவும் சராசரி எடுக்கவும்தான் முடியும்.

சில சமயம் உண்மையிலேயே கிளைகளின் கூட்டல்தான் வேண்டியிருக்கும். உதாரணமாக, இலக்கில் எவ்வளவு சாதித்தோம் என்ற கணக்கில் எந்தக் கிளைக்கும் 100%-க்கு மேல் மதிப்பு கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கலாம். ஒரு கிளை இலக்கு 100, சாதனை 150. இன்னொன்று இலக்கு 100, சாதனை 60. நேராகக் கூட்டினால் 200-க்கு 210, அதாவது 105%. விதிப்படி பார்த்தால் 100-ம் 60-ம் சேர்ந்து 160, அதாவது 80%. உச்சவரம்பைக் கிளை மட்டத்தில்தான் போட வேண்டும், மண்டல மட்டத்தில் போட்டால் 100% என்று வந்து நிற்கும். இந்த மாதிரி இடத்தில் 'சம்எக்ஸ்' கொண்டு கிளை கிளையாக ஓடவிட்டு, வரம்பிட்ட தொகுதிகளைக் கூட்டி, அப்புறம் வகுக்க வேண்டும்.

டேப்லோ என்ற இன்னொரு அறிக்கைக் கருவியிலும் இதே கதைதான். 'சம்' வகுத்தல் 'சம்' என்று எழுதினால் சரி. வரி மட்டத்தில் வகுத்துவிட்டு வெளியே 'ஆவரேஜ்' போட்டால் தவறு.

எஸ்க்யூஎல்-இல் சப்டோட்டல் எடுக்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்-இல் 'குரூப் பை' உடன் 'ரோல்அப்' சேர்த்தால் கிளை, மண்டலம், மொத்தம் மூன்று மட்டமும் ஒரே கேள்வியில் வந்துவிடும். விகிதத்தை அதே கேள்விக்குள் இரண்டு கூட்டல்களின் வகுத்தலாக எழுதினால் ஒவ்வொரு மட்டத்திலும் சரியாக அமையும்.

தடுக்கி விழும் இடங்கள் மூன்று. முதலாவது, முழு எண் வகுத்தல்: போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூஎல் சர்வர் ஆகிய இரண்டு தரவுத்தளங்களிலும் 123-ஐ 2500-ஆல் வகுத்தால் 0 வரும், ஒன்றைத் தசம எண்ணாக மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பூஜ்யத்தால் வகுத்தல். பூஜ்யத்தை 'நல்' (மதிப்பில்லை) என்று மாற்றும் 'நல்இஃப்' போட்டுப் பகுதியைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் கண்ணுக்குத் தெரியாதது: ரோல்அப் சப்டோட்டல் வரியில் கிளையின் பெயருக்குப் பதில் 'நல்' வைக்கும். தரவிலேயே கிளை பெயர் விடுபட்ட வரிகள் இருந்தால் இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். 'குரூப்பிங்' ஃபங்ஷன் எது உண்மையான சப்டோட்டல் என்று சொல்லிவிடும்.

நான் ஒரு முறை விழுந்த குழி வேறு. யாரோ முன்பே விகிதத்தைக் கணக்கிட்டு வைத்திருந்த ஒரு 'வியூ' (டேபிள் போலத் தெரியும், சேமித்து வைத்த கேள்வி) மேல் சராசரி எடுத்தேன். நெடுவரிசையின் பெயர் அழகாக இருந்தது, எண்ணும் நம்பும்படி இருந்தது, மூன்று மாதம் யாருக்கும் தெரியவில்லை. அன்றிலிருந்து என் கண்ணில் படுகிற எந்த விகித நெடுவரிசையையும் மேல்மட்டக் கணக்குக்குத் தொடுவதில்லை. தொகுதியும் பகுதியும் இருக்கிற டேபிள் எது என்று தேடிப் போய்விடுவேன்.

ஒரு வாடிக்கையாளருக்கு எத்தனை ஆர்டர் என்ற கணக்கும் இப்படித்தானா?

கிட்டத்தட்ட. ஆனால் பகுதியைக் கூட்டக் கூடாது. கிளை 1-இல் 300 வாடிக்கையாளர், 540 ஆர்டர். கிளை 2-இல் 200 பேர், 360 ஆர்டர். இரண்டிலும் ஆளுக்கு 1.8. ஆனால் 50 பேர் இரண்டு கிளையிலும் வாங்கியவர்கள். மண்டலத்தில் உள்ள ஆட்கள் 500 இல்லை, 450. ஆகவே மண்டல விகிதம் 900 வகுத்தல் 450, சரியாக 2.0.

இரண்டு கிளையும் 1.8, மண்டலம் மட்டும் 2.0! பார்ப்பவர் கண்டிப்பாகக் கேட்பார். பதில்: ஒரே ஆளை இரண்டு தடவை எண்ணவில்லை. சாதாரண எடையிட்ட சராசரியில் சப்டோட்டல் எப்போதும் கீழே உள்ள மிகச் சிறிய விகிதத்துக்கும் மிகப் பெரிய விகிதத்துக்கும் நடுவில்தான் விழும். தனித்தனி எண்ணிக்கை பகுதியாக வந்தால் அந்த விதி உடைந்துவிடும்.

மூலத் தரவு கையில் இருந்தால் ஒவ்வொரு மட்டத்திலும் புதிதாக எண்ண வேண்டியதுதான். கிளை வாரியாகத் தொகுத்த எண்ணிக்கை மட்டும் இருந்தால் யார் இரண்டு இடத்திலும் இருக்கிறார்கள் என்ற தகவல் போய்விட்டது, மீட்க முடியாது. மிகப் பெரிய தரவுகளுக்கு ஹைப்பர்லாக்லாக் போன்ற தோராய எண்ணும் முறைகள் இருக்கின்றன. அவற்றின் சுருக்கங்களை ஒன்றோடொன்று சேர்க்கலாம், சின்னப் பிழையோடு.

இடைமதிப்பு எனப்படும் மீடியனுக்கும் இதே விதிதான். கிளைகளின் மீடியன்களிலிருந்து மண்டலத்தின் மீடியனைப் பெற வழியே இல்லை.

வேலையை விட்டுப் போனவர்கள் விகிதத்துக்கு ஆண்டு மொத்தம் எப்படி எடுப்பது?

இங்கே படிநிலை இரண்டு திசையில் ஓடுகிறது: துறை ஒரு பக்கம், மாதம் இன்னொரு பக்கம். பகுதி ஊழியர் எண்ணிக்கை. அதைத் துறைகளுக்குக் குறுக்கே கூட்டலாம், மாதங்களுக்குக் குறுக்கே கூட்டக் கூடாது. ஜனவரியில் இருந்த 200 பேரும் பிப்ரவரியில் இருந்த 200 பேரும் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். கையிருப்புச் சரக்கு, வங்கி இருப்பு எல்லாம் இந்தச் சாதி. தரவுக் கிடங்கு வடிவமைப்பில் இவற்றை 'செமி-அடிட்டிவ்' என்பார்கள்.

ஆண்டில் 24 பேர் போனார்கள், சராசரியாக 200 பேர் இருந்தார்கள் என்றால் ஆண்டு விகிதம் 12%. மாத எண்ணிக்கைகளைக் கூட்டி 2400 என்று பகுதியில் வைத்தால் 1% வரும். அது மாதாந்திர விகிதத்தின் சராசரி. தவறான எண் என்று சொல்ல முடியாது, ஆனால் "இந்த ஆண்டு எவ்வளவு பேர் போனார்கள்" என்ற கேள்விக்கு அது பதிலும் இல்லை.

வளர்ச்சி விகிதத்துக்கு?

இந்த ஆண்டு மொத்தம், போன ஆண்டு மொத்தம் இரண்டையும் தனித்தனியாகக் கூட்டி, வித்தியாசத்தைப் போன ஆண்டு மொத்தத்தால் வகுக்கவும். புதிதாகத் திறந்த கிளைகள் இருந்தால் மட்டும் நின்று யோசியுங்கள். போன ஆண்டு 900, இந்த ஆண்டு 1200, அதில் 200 புதுக் கிளையுடையது. மொத்த வளர்ச்சி 33.3%. பழைய கிளைகளை மட்டும் ஒப்பிட்டால் 11.1%. இரண்டும் நியாயமான எண்கள். எது என்று தலைப்பில் எழுதாமல் விட்டால்தான் சண்டை.

கணக்கு சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் எந்தக் கிளையிலும் மாற்றம் இல்லாதபோது மண்டல விகிதம் மட்டும் ஏறுகிறது. எப்படி?

கலவை மாறியிருக்கும். கிளை 1-இல் 3%, கிளை 2-இல் 12% என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் ஆர்டர் 2000, 400. திரும்பியவை 60 + 48 = 108, மொத்தம் 4.5%. அடுத்த மாதம் ஆர்டர் 1500, 900. திரும்பியவை 45 + 108 = 153, மொத்தம் சுமார் 6.4%. கிளைகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அதிகம் திரும்பி வரும் கிளைக்கு ஆர்டர் நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். விகிதத்துக்குப் பக்கத்தில் பகுதியையும் ஒரு நெடுவரிசையாகக் காட்டினால் பாதி கேள்விகள் வராமலே போகும்.

இதன் உச்சக்கட்டம்தான் சிம்ப்சன் முரண்பாடு: ஒவ்வொரு பிரிவிலும் முந்துகிறவர் மொத்தத்தில் பின்தங்கிவிடுவது. எட்வர்ட் சிம்ப்சன் 1951-இல் எழுதியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது, அதற்கு முன்பே 1903-இல் யூல் என்ற புள்ளியியலாளர் இதைக் காட்டியிருந்தார். புள்ளியியல் வகுப்புகளில் அடிக்கடி வரும் உதாரணம், 1986-இல் வெளியான சிறுநீரகக் கல் சிகிச்சை ஒப்பீடு. சிறிய கற்களில் முதல் சிகிச்சை 87 பேரில் 81 பேருக்குப் பலித்தது, இரண்டாவது 270 பேரில் 234 பேருக்கு. அதாவது 93%, 87%. பெரிய கற்களில் 263-க்கு 192, 80-க்கு 55. அதாவது 73%, 69%. இரண்டு வரியிலும் முதல் சிகிச்சையே மேல். மொத்தத்தைப் பார்த்தால் 350-க்கு 273, 350-க்கு 289. அதாவது 78%, 83%. இரண்டாவது முந்திவிட்டது! கடினமான பெரிய கற்கள் பெரும்பாலும் முதல் சிகிச்சைக்குத்தான் அனுப்பப்பட்டன.

சப்டோட்டல் இங்கே கணக்காகத் தவறில்லை. முடிவெடுக்க அந்த வரியைப் பார்ப்பதுதான் தவறு.

என்னிடம் சதவீதங்கள் மட்டுமே இருக்கின்றன. தொகுதி, பகுதி கிடைக்காது. என்ன செய்ய?

பகுதி மட்டுமாவது கிடைத்தால் போதும், விகிதத்தால் பெருக்கித் தொகுதியை மீட்டுவிடலாம். தொகுதி மட்டும் கிடைத்தால் விகிதத்தால் வகுத்துப் பகுதியை மீட்கலாம். வேகம் நல்ல உதாரணம்: ஒரே தூரத்தைப் போகும்போது மணிக்கு 40 கிலோமீட்டர், வரும்போது 60 என்றால் சராசரி 50 இல்லை, 48. தொகுதியான தூரம்தான் சமம், பகுதியான நேரம் சமமில்லை. விகிதத்தை முழு எண்ணாக ரவுண்ட் செய்து கொடுத்திருந்தால் மீட்பதும் தோராயம்தான்.

இரண்டுமே இல்லை என்றால் சப்டோட்டல் செல்லில் ஒரு கோடு போட்டுவிடுங்கள். வெற்றிடம் அசிங்கமாக இருக்கிறது என்பார்கள். பரவாயில்லை.

சாதாரணச் சராசரியே சரியாக இருக்கும் இடம் ஒன்றுகூட இல்லையா?

இருக்கிறது. "ஒரு வழக்கமான கிளை எப்படி நடக்கிறது" என்று கேட்டால், அலகு கிளைதான், ஆர்டர் இல்லை. அப்போது ஒவ்வொரு கிளைக்கும் ஒரே எடை கொடுப்பது நியாயம். அதற்கு 'கிளைகளின் சராசரி விகிதம்' என்று தனியாகப் பெயர் வைத்துத் தனி நெடுவரிசையில் போடுங்கள். மண்டல விகிதம் என்ற தலைப்புக்குக் கீழே நுழைய விடாதீர்கள்.

விகிதம் சரியாக வந்தால் தொகுதியும் பகுதியும் சரி என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஒரு கிளை தவறுதலாக இரண்டு மண்டலத்தின் கீழ் பதிவாகியிருந்தால் கிராண்ட் டோட்டலில் அது இரண்டு முறை வரும். தொகுதி, பகுதி இரண்டுமே சேர்ந்து ஏறுவதால் விகிதம் கொஞ்சம்தான் அசையும். எல்லா வரியும் இரட்டித்தால் விகிதம் அசையவே அசையாது. வகுத்தல் இந்த மாதிரிப் பிழைகளைப் பத்திரமாக மூடிவைக்கும். அதனால் விகிதத்தைப் பார்க்கும் முன் பகுதியின் கிராண்ட் டோட்டலை மூலத் தரவோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

போன மாதம் வரை தவறான முறையில் அனுப்பிவிட்டோம். திருத்தினால் எண்கள் குதிக்குமே?

குதிக்கும். பழைய மாதங்களையும் சரியான முறையில் திரும்பக் கணக்கிட்டுப் போடுங்கள். இல்லையென்றால் வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும், அதற்கு யாராவது காரணம் கண்டுபிடித்துப் பாராட்டும் வாங்கிக்கொள்வார்கள். இரண்டு மாதத்துக்குப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, கீழே ஒரே வரியில் எழுதுங்கள்: "முன்பு கிளை விகிதங்களின் சராசரி, இப்போது மொத்தத் திரும்பல் வகுத்தல் மொத்த ஆர்டர்." மூன்றாவது மாதம் பழைய நெடுவரிசையை எடுத்துவிடலாம்.